இரும்புக்குள் இறங்கிய குங்குமம்

இடது கையின் பெருவிரல் தகட்டிலிருந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தது. வலது கை தகர டப்பாவிலிருந்து ஒரு செப்பு ரிவிட்டை எடுத்து அதில் நட்டது. சுத்தியல் விழுந்தது, முதலில் ஒன்று பலமாக, பிறகு இரண்டு மெதுவாக. மறுபடியும் பெருவிரல் வந்து ரிவிட்டின் தலையைத் தடவியது. தலை, தகட்டின்மேல் பதிக்கிற உராய்வுப் பட்டையான லைனிங்கின் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலே நின்றால் எதிரே சுழலும் இரும்பைக் கீறிவிடும். அதிகம் இறங்கினால் லைனிங் ஓரம் பிளக்கும். ஒரு ரிவிட்டு முடிந்ததும் கை பக்கத்து ஓட்டைக்குப் போகவில்லை, நேர் எதிரே இருந்த ஓட்டைக்குப் போயிற்று. இப்படி எதிரும் புதிருமாகப் பதினாறு. பதினாறும் முடிந்த பிறகு அந்தக் கைகள் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, லைனிங்குக்கும் எஃகுக்கும் இடையில் ஒளி எங்காவது கசிகிறதா என்று பார்த்தன. கசியவில்லை.

கைகள் சாமியாத்தாளுடையவை. மைசூரில், பன்னிமண்டபத்துக்குப் பின்னால் லாரி ஷெட்டுகள் இருக்கிற சந்தில் கிளச்சு பிளேட்டுக்கும் பிரேக்குக்கும் லைனிங் அடிக்கிற கடை அவளுடையது. முன்னறையில் அவள், பின்னறையில் அவள் புருஷன் ரத்தினவேல், இரும்பு கடைகிற ஒரு பழைய லேத்துடன்.

ராமாபுரத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தவள். முதல் இரண்டு வருஷம் சித்தாளாக ஜல்லி சுமந்தாள். அப்புறம் ஒரு லைனிங் கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். அங்கே யாரும் அவளுக்கு ரிவிட்டு அடிக்கச் சொல்லித் தரவில்லை. தேய்ந்துபோய் வருகிற பழைய பிளேட்டுகளிலிருந்து ரிவிட்டைப் பிடுங்குகிற வேலையைத்தான் கொடுத்தார்கள். நான்கு வருஷம் பிடுங்கினாள். எது சுலபமாக வந்தது, எது பல்லைக் கடித்துக்கொண்டு வர மறுத்தது என்று ஆயிரக்கணக்கில் பார்த்தவளுக்கு, எப்படி அடித்தால் நிற்கும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரிவிட்டைப் போலவே அவளுடைய காதுக்கும் அந்தச் சந்தில் மதிப்பு இருந்தது. வார்ப்பிரும்பு எதுவானாலும் கயிற்றில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பாள். முழுசாக இருக்கிற இரும்பு மணி மாதிரி நீளமாகப் பாடும். விரிசல் விட்டது ஓட்டைப் பானை மாதிரி சட்டென்று செத்துப்போகும். "சாமியக்கா தட்டிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் லாரிக்காரர்கள் வண்டியைப் பூட்டுவார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம், தசராவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சுரேந்தர் ஒரு கோணிப்பையில் இரண்டு சாமான்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் இறக்கினான். தேய்ந்த கிளச்சு பிளேட்டு ஒன்று, ஃப்ளைவீல் ஒன்று. எஞ்சின் தண்டின் பின்கோடியில் பூட்டிச் சுழல்கிற கனத்த இரும்பு வட்டம்தான் ஃப்ளைவீல். கிளச்சு பிளேட்டு அதன் முகத்தில்தான் அழுந்திப் பிடிக்கும்.

சுரேந்தர் ரயில்வேக்காரர் வீட்டுப் பையன். அவனும் ரயில்வே பணிமனையில்தான் வேலை. முப்பது வயது. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பழைய ஃபியட்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளத்துக்குப் போவான். அங்கே இரண்டு இரண்டு வண்டிகளாகக் கோட்டில் நின்று, கொடி விழுந்ததும் கால் மைல் நேராகப் பறப்பார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு பெரிய பந்தயம். பெங்களூரிலிருந்தெல்லாம் வண்டி வருகிறது.

"அக்கா, லைனிங் புதுசா போடணும். ஃப்ளைவீல் முகத்தை அண்ணன் லேசாக் கடைஞ்சு கொடுக்கட்டும். இதுலயும் ஒரு கையெழுத்து வேணும்," என்று ஒரு அச்சடித்த படிவத்தை நீட்டினான்.

"கையெழுத்தா? என்ற சொத்தை எழுதி வாங்கறீங்களா கண்ணு?"

"உங்க சொத்து இந்தச் சுத்தியல்தானே? பேடா, வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க. கிளச்சு வேலை பார்த்த மெக்கானிக் சொல்லணுமாம், வண்டிக்குப் பாதுகாப்புத் தகடு தேவையா இல்லையான்னு."

படிவத்தோடு ஒட்டியிருந்த விதியை அவன் படித்துச் சொன்னான். கால் மைலைப் பன்னிரண்டு விநாடிக்குள் ஓடுகிற வண்டியாக இருந்தால், கிளச்சைச் சுற்றிக் கனமான எஃகுத் தகடு வளைத்துப் போட வேண்டும். ஓட்டத்தில் கிளச்சோ ஃப்ளைவீலோ சிதறினால் துண்டுகள் உள்ளே ஏறாமல் அது தடுக்கும். அதைவிட மெதுவான வண்டிகளுக்குக் கட்டாயமில்லை, மெக்கானிக்கின் விருப்பம்.

"நம்ம வண்டி பதினாறு செகண்டு. தகடு பதினாலு கிலோ வருது. அதைச் சுமந்தா, ஒரு செகண்டைப் பத்தாப் பிரிச்சா அதுல ரெண்டு பங்கு போயிடும். போன தடவை நான் தோத்ததே ஒரு பங்குலதான்."

சாமியாத்தாள் ஃப்ளைவீலைத் தொங்கவிட்டுத் தட்டினாள். அது பாடிற்று. ஆறு இடத்தில் தட்டினாள். ஆறு இடத்திலும் ஒரே சுருதி. கடைசித் தட்டின் ஒலி அவள் சுத்தியலைக் கீழே வைத்த பிறகும் கூரைத் தகரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே சக்கரத்தை எஞ்சின் சீக்கிரம் வேகம் பிடிக்கட்டும் என்று ரத்தினவேல்தான் ஏழரைக் கிலோவிலிருந்து நாலரைக்குக் கடைந்து கொடுத்திருந்தான். படியாக வெட்டின இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. மூலை கத்திமுனை போல செங்கோணத்தில் இறங்கியது. அந்த மூலையை அவன் ஒரு வாரம் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டான்.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள். "தகடு வேண்டாம். பூசை முடிஞ்சு வந்து சாமானை வாங்கிக்கிட்டுப் போங்க, அப்பக் கையெழுத்துப் போட்டுத் தாறேன்."

சுரேந்தர் அங்கேயே பேனாவை எடுத்து, 'இல்லை' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் ஒரு குறி போட்டுக்கொண்டு போனான். ரத்தினவேல் அன்று மாலையே ஃப்ளைவீலின் முகத்தைக் கடைந்து முடித்தான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கடையிலிருக்கிற இரும்பெல்லாம் குளிக்கும். இது அந்தச் சந்து முழுக்க உள்ள வழக்கம். லேத்துக் கத்திகள், ஸ்பானர்கள், வாடிக்கைக்காரர்களின் சாமான்கள், எதையும் விடாமல் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். வழவழவென்ற இரும்பில் வெறும் குங்குமம் நிற்காது. அதனால் ரத்தினவேல் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துக் கைநிறைய அப்புவான். அப்பினது அப்பினபடி இரண்டு நாள் இருக்கும். விஜயதசமி முடிகிறவரை இரும்பை யாரும் தொடக்கூடாது.

மூன்றாம் நாள் காலையில் சாமியாத்தாள் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள். ஃப்ளைவீலையும் பழந்துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் தொட்டு இன்னொரு முறை துடைத்து, வாசலில் வெயில் படுகிற பலகைமேல் வைத்தாள். உள்ளே போய் அடுத்த பிளேட்டை முடித்துவிட்டு வந்தபோது மணி பதினொன்று இருக்கும்.

ஃப்ளைவீலில், படி இறங்குகிற மூலையில், சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

விரல் நீளம். மயிரளவு மெல்லியது. சரியாகத் துடைக்கவில்லை போலும் என்று நினைத்துத் துணியால் அழுத்தித் துடைத்தாள். போய்விட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். அதே இடத்தில், அதே நீளத்தில், அதே வளைவோடு கோடு திரும்ப இருந்தது.

மறுபடியும் துடைத்தாள். இந்தத் தடவை உள்ளே போகாமல் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். நல்ல வெயில். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. பூஜைக்கு வாழைக்கன்று கட்டின லாரிகள் வரிசையாக, ஓட்டுநர் இல்லாமல், நெற்றியில் பூசணித் துண்டோடு நின்றன. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அந்த மூலையில் ஒரு புள்ளி நனைந்தது. பக்கத்தில் இன்னொரு புள்ளி. இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்தன. கீறின தோலில் ரத்தம் அரும்புகிற மாதிரி, அவசரமில்லாமல், அந்தக் கோடு தன்னைத் தானே எழுதிக்கொண்டது.

"ஏனுங்க," என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "இங்க வாங்க. கையில ஒண்ணும் எடுக்காதீங்க, சும்மா வாங்க."

ரத்தினவேல் வந்து பார்த்தான். அவனும் ஒரு தரம் துடைத்தான். அவன் கண்ணெதிரேயும் அது வந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"சாமுண்டிக்குப் புடிக்கல புள்ள. பூசையில ஏதோ கொறை வெச்சுட்டோம். கற்பூரத்த எடுத்துட்டு வாறேன்."

"நில்லுங்க. மேல் பக்கந்தான குங்குமம் அப்புனீங்க?"

"ஆமா. அடிப்பக்கம் பலகைல கெடந்துச்சு. அங்க எங்கிருந்து அப்பறது?"

சாமியாத்தாள் ஃப்ளைவீலைத் திருப்பினாள். யாரும் பொட்டு வைக்காத, குங்குமக் கை படாத அந்த அடிப்பக்கத்திலும் சிவப்புக் கோடு இருந்தது. மேலே இருந்ததற்கு நேர் கீழே. நீளம் பாதி.

அவள் எழுந்து கயிற்றை எடுத்தாள். ஃப்ளைவீலைத் தொங்கவிட்டுத் தட்டினாள். பாடிற்று. கோட்டுக்குப் பக்கத்தில் தட்டினாள். பாடிற்று, போன வாரம் கேட்ட அதே நீளமான, சுத்தமான மணி ஒலி. இரண்டு புறமும் கிழிந்த ஒரு பொருள் தன் காதுக்கு நேரே இப்படிப் பாடுவது சாமியாத்தாளுக்கு ரத்தத்தைவிடப் பயமாக இருந்தது. விரிசலின் இரண்டு உதடும் அவ்வளவு இறுக மூடியிருக்கின்றன. எண்ணெய்க்குத் தெரிந்த வழி ஒலிக்குத் தெரியவில்லை. மண்ணெண்ணெய் உள்ளே போய் அழுக்கைக் கழுவியிருக்கிறது. இரண்டு நாள் ஊறின குங்கும எண்ணெய் அந்த வழியே இறங்கியிருக்கிறது. வெயில் சூட்டில் திரும்ப வெளியே வருகிறது. அவளுக்கு இதெல்லாம் புரிந்துவிட்டது.

"மூலையைப் பாருங்க," என்றாள் புருஷனிடம். "கண்ணாடி மாதிரி வெட்டுனீங்களே, அதே எடம். மூலைன்னா கொஞ்சம் உருட்டி விடோணும். கத்தி மாதிரி விட்டா, இழுக்கற இழுப்பெல்லாம் அங்கதான வந்து நிக்கும்?"

ரத்தினவேல் எதிர்த்துப் பேசுகிறவன்தான். அன்று "நீ தட்டிப் பாத்தயே," என்று மட்டும் சொன்னான்.

"பாத்தேன்," என்றாள். "தகடு வேண்டாம்னும் சொன்னேன்."

மறுநாள் அவள் கடையை அவனிடம் விட்டுவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ் ஏறினாள். ஆற்றுப் பாலம் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஜடையன் பஞ்சர் கடை வைத்திருந்தான். கோபிநத்தத்துக்காரன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே ஓடுதளத்தில் அவன் ஓட்டின வண்டியின் ஃப்ளைவீல் வெடித்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்த வண்டியின் கிளச்சு பிளேட்டுக்கு லைனிங் அடித்தது சாமியாத்தாள். அதற்குப் பிறகு அவனைப் பார்க்க அவள் போனதில்லை.

"வாங்க்கா," என்றான், டயர்களுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடி. "வண்டி இல்லாம பஞ்சர் ஒட்ட வந்த மொத ஆளு நீங்கதான்."

"காத்து எறங்கிப் போச்சு ஜடையா. எனக்குத்தான்."

"அப்பச் சரியான கடைக்குத்தான் வந்துருக்கறீங்க. உக்காருங்க."

அவள் டயர்மேல் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். "அன்னிக்கு வெடிக்கறதுக்கு முன்னால என்ன சத்தம் கேட்டுச்சு உனக்கு?"

"கேட்டவங்க எல்லாரும் வெடிச்ச சத்தத்தத்தான் கேட்டாங்க. அதுக்கு முன்னால என்னன்னு நீங்கதான் கேக்கறீங்க." அவன் பிசினை ஒரு குழாயில் தடவிக்கொண்டே சொன்னான். "ஒண்ணுமே இல்லீங்க்கா. உறுமல் இல்ல, உதறல் இல்ல. அன்னிக்கு மாதிரி அந்த வண்டி பாடுனதே இல்ல. தேனு. சாமி, இப்புடியே இருக்கட்டும்னு மனசுக்குள்ள சொன்னேன். சொல்லி முடிக்கல."

பாலத்திலிருந்து ஒரு கரும்பு லாரி ஏறி வந்தது. ஜடையனின் மடியில் விரித்திருந்த துண்டுக்கு அடியில் இடது தொடை, கிளச்சை மிதிக்கிற மாதிரி, ஒரு தரம் அழுந்தி எழுந்தது. லாரி கியர் மாறியது.

"அப்பறம்?"

"அப்பறம் வலியெல்லாம் இல்லீங்க. தண்ணி கேட்டேனாம். சிரிச்சுக்கிட்டே கேட்டேன்னு சொல்றாங்க. என்ற பூட்ஸு முப்பது அடி தள்ளி ரோட்டு மேல நின்னுச்சாம். விழுகல, நின்னுச்சு. கயிறு கட்டுனது கட்டுனபடி. கிட்டப் போக ஒருத்தருக்கும் தைரியம் வரலியாம். யாரோ அதப் போட்டுக்கிட்டு நிக்கறாப்பல இருந்துச்சாம்."

இன்னொரு லாரி வந்தது. சாமியாத்தாள் இப்போது சாலையைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்தாள். தொடை அழுந்தியது. அதற்குப் பிறகுதான், ஒரு மூச்சு கழித்து, மேட்டில் லாரி கியரை மாற்றுகிற சத்தம் வந்தது. மூன்றாவதாக ஒரு பஸ். அதற்கும் அப்படியே. தொடை முதலில், சத்தம் பிறகு.

"வண்டி கியர் மாறப் போகுதுன்னு உனக்கு முன்னாலயே தெரியுதா?"

ஜடையன் தன் மடியைக் குனிந்து பார்த்தான், அங்கே வேறு யாரோ படுத்திருக்கிற மாதிரி. "எனக்குத் தெரியறதில்லீங்க்கா. அதுக்குத் தெரியுது."

அவள் கேட்க வந்ததைக் கேட்டாள். "என்ற பிளேட்டு?"

"உங்க பிளேட்டு முழுசாக் கெடந்துச்சு. ஒரு ரிவிட்டு நவுருல. இதுக்குத்தான் மூணு வருசம் இந்தப் பக்கமே வராம இருந்தீங்களாக்கும்?"

"தகடு போட்டுருந்தா?"

"ஒருத்தரு சொல்லத்தான் செஞ்சாரு. பதினாலு கிலோ எதுக்குங்கன்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன்." குழாயை ஊதிப் பார்த்து, காற்று நிற்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "இப்ப இந்தக் காலு எத்தன கிலோ இருந்துருக்கும்னு நெனைக்கறீங்க? இந்தக் கணக்க எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல."

சுரேந்தர் இன்னொரு வண்டியில் கட்டி ஃபியட்டை இழுத்துக்கொண்டு வந்தபோது அவளிடம் இன்னொரு ஃப்ளைவீல் தயாராக இருந்தது. கம்பெனியில் வார்த்தபடியே, கத்தி படாதது. சிவப்புக் கோட்டை அவனுக்கும் காட்டினாள். அவன் துடைத்தான், அது வந்தது. அவன் முகம் வெளுத்தது. ஆனால் இளவட்டத்துக்குப் பயம் வந்த வேகத்தில் போய்விடும்.

"நல்ல வேளை, கண்டுபிடிச்சீங்க," என்றான். "ஆச்சு, கெட்டதைக் கழட்டிட்டோம். நல்லதைப் பூட்டுறோம். இப்ப கையெழுத்துப் போடுங்க."

"தகடு போட்டாத்தான் கையெழுத்து."

"ஏன்க்கா? போன வாரம் நீங்கதானே பேடான்னு சொன்னீங்க? அதுவும் விரிசல் விட்டதுக்கு! இது முழுசு. இதுக்குப் போய்த் தகடு கேக்கறீங்க. விதியில பன்னிரண்டு செகண்டுன்னு போட்டிருக்கு."

"விதி உங்க வண்டி எத்தன நேரத்துல போய்ச் சேருதுன்னு கேக்குது. உள்ள இருக்கற இரும்பு எத்தன வேகத்துல சுத்துதுன்னு கேக்குதா?"

அவள் ஒரு நூலை எடுத்து ஃப்ளைவீலைச் சுற்றி ஒரு சுற்று வைத்து அறுத்தாள். நூல் கிட்டத்தட்ட எண்பது செண்டிமீட்டர் இருந்தது. "நீங்க கோட்டுல நின்னுக்கிட்டு, கிளச்ச மிதிச்சு வெச்சுக்கிட்டு, ஏழாயிரம் சுத்து ஏத்தறீங்க. இந்த நூலு ஏழாயிரம் தடவை. ஒரு நிமிசத்துக்கு அஞ்சரைக் கிலோமீட்டரு. இங்கிருந்து மலையடிவாரம் போற தூரம். வண்டி நின்ன எடத்துல நிக்குது தம்பி. சக்கரம் உருளல. உங்க காலுக்குப் பக்கத்துல ஒண்ணு மணிக்கு முந்நூத்திமுப்பதுல போய்க்கிட்டிருக்குது."

"கம்பெனி வண்டியிலயும் சுத்தத்தானே செய்யுது?"

"அங்க ஐயாயிரம். ஐயாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் நடுவுல இரும்ப வெளிய இழுக்கற இழுப்பு ரெண்டு மடங்காவுது. உக்காருங்க வண்டில."

அவன் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். அவள் ஒரு குச்சியால் எஞ்சின் பக்கம் அளந்து, அந்த அளவை வெளியே கொண்டுவந்து, பானெட்டின் ஓரத்தில் சாக்பீஸை வைத்தாள். ஃப்ளைவீல் சுழல்கிற இடம் எதுவோ அதற்கு நேரே கோடு போட்டாள். வண்டியின் பக்கவாட்டில் கீழே இறங்கி, கதவைத் திறந்து, வாசற்படியில் ஏறி, தரைவிரிப்பின்மேல் கோடு உள்ளே போயிற்று.

"கிளச்ச மிதிங்க. காலை எடுக்காதீங்க."

மிதித்தான். சாக்பீஸ் நிற்கவில்லை. அவனுடைய கறுப்பு பூட்ஸின்மேல் ஏறி, கயிறு முடிந்திருந்த இடத்தில் கணுக்காலைக் குறுக்கே கடந்து, மறுபக்கம் இறங்கிப் போயிற்று.

"இன்னிக்குத்தான்க்கா பாலிஷ் போட்டேன்," என்றான் சுரேந்தர். காலை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தான். பிறகு பிடிவாதம் திரும்பி வந்தது. "அது உடைஞ்சாத்தானே? இது உடையாது. நீங்க மண்ணெண்ணெயில போட்டுப் பாருங்க, குங்குமத்தைப் போட்டுப் பாருங்க. கோடு வந்தாச் சொல்லுங்க, தகடு போட்டுக்கறேன். வரலேன்னா?"

சாமியாத்தாள் ரத்தினவேலைப் பார்த்தாள். அவன் உள்ளே போய்ப் பெரிய சம்மட்டியை எடுத்து வந்தான். பழைய ஃப்ளைவீலை இரண்டு ரயில் கட்டைகளுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்தாள் அவள். சிவப்புக் கோட்டின் இரண்டு முனையிலும் சாக்பீஸால் குறி வைத்தாள்.

"எத்தன நீளம்?"

"ஒரு விரல்," என்றான் சுரேந்தர்.

முதல் அடிக்கு இரும்பு பாடிற்று. இரண்டாவதுக்கும் பாடிற்று; அந்த இனிமையைக் கேட்டு ரத்தினவேலே ஒரு கணம் சம்மட்டியை ஓங்கினபடி நின்றான். மூன்றாவது அடியில் ஒலி பாதியில் அறுந்தது. ஃப்ளைவீல் படியின் மூலையோடு வளைந்து பிளந்து, ஒரு பிறைத்துண்டு தனியே விழுந்து உருண்டு வந்து சுரேந்தரின் பூட்ஸில் முட்டி நின்றது.

சாமியாத்தாள் அந்தத் துண்டை எடுத்து, உடைந்த முகம் தெரிகிற மாதிரி அவன் கையில் கொடுத்தாள். புதிதாக உடைந்த வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில் மினுமினுக்க வேண்டும். ஓரங்களில் அப்படித்தான் இருந்தது. நடுவில் குங்குமச் சிவப்பு. வெளியே தெரிந்த விரல் நீளத்தோடு அது நிற்கவில்லை. தோலுக்கு அடியில், இரண்டு பக்கமும், கண்ணுக்குத் தெரியாமல் ஓடி ஒரு சாணுக்கு விரிந்திருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. சுரேந்தரின் விரல் நுனிகள் சிவந்தன.

"வெளிய ஒரு விரல்," என்றாள் சாமியாத்தாள். "உள்ள ஒரு சாண். இது நம்ம கண்ணுக்கு வந்துச்சு, பூசை வந்ததால. எண்ணெயில கொழைச்சதால. வெயிலடிச்சதால. என்ற காதுக்கு வரல. போன வாரம் தகடு வேண்டாம்னு சொன்னது நாந்தான். புதுசுல கோடு இல்லீன்னா எனக்கு என்ன தெரியும்? கோடு எனக்குத் தெரியலேன்னு மட்டுந்தான் தெரியும்."

அவன் துண்டைக் கீழே வைக்க இடம் தேடினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். சந்தில் எங்கோ ஒரு லாரி கிளம்பியது. அது கியர் மாறுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு பங்கு போகும்," என்றான் கடைசியில், தனக்குத்தானே.

"போகும்."

"தோத்துடுவேன்."

"தோத்தாலும் தோக்கலாம்."

அவன் கையைத் துணியில் துடைத்தான். சிவப்பு முழுக்கப் போகவில்லை. "போடுங்க அக்கா," என்றான்.

வேலை ஆறு நாள் பிடித்தது. ஆறு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை ரத்தினவேல் சூடேற்றி, கிளச்சு இருக்கிற உறையைச் சுற்றி அரை வட்டமாக வளைத்தான். அலுமினிய உறையிலேயே பூட்டினால் வெடிக்கிறபோது உறையோடு சேர்ந்து தகடும் போய்விடும் என்று சாமியாத்தாள் சொன்னதால், இரண்டு பக்கமும் சேஸிஸில் தனியாகக் கால் வைத்து, பக்கத்துக்கு நான்கு போல்ட்டு போட்டார்கள். மூலைகளையெல்லாம் அவன் அரத்தால் உருட்டினான், யாரும் சொல்லாமலே. இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தார்கள். முதல் தடவை ஒரு பக்கம் விரலிடை இடுக்கு இருந்தது. சாமியாத்தாள் அதைக் கழற்றச் சொல்லி மறுபடி சூடேற்றவைத்தாள். தராசில் பதின்மூன்றரைக் கிலோ காட்டியது. பக்கத்து இருக்கையையும் உதிரி டயரையும் கழற்றி, ஏறின எடையைச் சரிக்கட்டினார்கள்.

பந்தயத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், சுரேந்தர் வந்தான். சாமியாத்தாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, எட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாகப் பெருவிரலால் தடவிவிட்டு வெளியே வந்தாள். முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு படிவத்தைக் கேட்டாள்.

'இல்லை' என்ற கட்டத்தில் அவன் போட்டிருந்த குறி அப்படியே இருந்தது. அவள் அதன்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்துக் கட்டத்தில் குறி வைத்தாள். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

"தமிழ் படிக்கத் தெரியுமாக்கா அவங்களுக்கு?"

"தெரியலேன்னா வந்து கேக்கட்டும். எட்டு போல்ட்டையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கு அப்பறமும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு நவுந்திருந்தாலும் அடுத்த ஓட்டம் வேண்டாம்."

"சரிக்கா."

"சுத்து ஏறி வண்டி எத்தன நல்லாப் பாடுனாலும் நம்பாதீங்க."

அவன் தலையாட்டினான். அவள் படிவத்தை நான்காக மடித்து, அதன்மேல் வண்டிச் சாவியை வைத்து நீட்டினாள். சுரேந்தர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"போயிட்டு வாங்க, தம்பி," என்றாள்.